சுருக்கிச் சொன்னவள்

தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில், லயங்கள் என்ற வரிசை வீடுகளில், யாருக்காவது சிங்களத்தில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் அனுஷியாவின் கதவைத்தான் தட்டுவார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் அவள்தான். அதற்காக மற்றவர்களுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. றக்வானை டவுன் கடையில் பருப்பு வாங்கவும் பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடிக்கவும் எல்லோருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்துவிட்டால் அத்தனை பேருடைய சிங்களமும் எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளும். அனுஷியாவுடையது ஒளியாது. அவள் கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள்.

இன்னொரு சாமர்த்தியமும் அவளுக்கு இருந்தது. எதையும் சுருக்கிவிடுவாள். பழனியாண்டி மாமா அடையாள அட்டையைத் தொலைத்த கதையைத் தொடங்கினால், தங்கச்சி மகளின் சடங்குக்குப் போனது, பஸ்ஸில் இடமில்லாமல் நின்றது, பக்கத்தில் நின்றவன் மேல் சந்தேகம் வந்தது, வீட்டுக்கு வந்து பொண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது என்று அரை மணி நேரம் ஓடும். அனுஷியா தலையாட்டிக் கேட்பாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்று சிங்களத்தில் ஒரே வரியில் சொல்வாள். காரியம் முடிந்துவிடும். "நான் இம்புட்டுச் சொன்னேன், புள்ள ரெண்டே வார்த்தையில முடிச்சிருச்சே!" என்று மாமா வாயைப் பிளப்பார்.

கிளினிக்கில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் மிட்வைப் மிஸ் ஒருநாள் அவளைப் பாராட்டியும் விட்டார். "மற்றவர்கள் மாதிரி இல்லை நங்கி நீங்கள். சுருக்கமாக, தெளிவாகச் சொல்கிறீர்கள்" என்றார். தங்கச்சி என்று கூப்பிட்டுச் சொன்ன அந்தப் பாராட்டு அனுஷியாவின் தலைக்கு ஏறிவிட்டது. லயத்துப் பெண்கள் வளவளவென்று பேசும்போது மிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் பல தடவை கண்டிருக்கிறாள். அப்போதெல்லாம் வெட்கப்பட்டது பேசியவர்கள் இல்லை, இவள்தான். இவர்களில் ஒருத்தி என்று தன்னையும் எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் உள்ளுக்குள் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கூச்சந்தான் வேர் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவள் ஷாமிளா. கருப்பாயி அம்மாவின் மருமகள். ஹட்டன் பக்கம் பிறந்து, விதுர்ஷனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். ஹட்டனில் தமிழை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம், இங்கே முடியாது. விதுர்ஷனோ மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவன், வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். கருப்பாயி அம்மா மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தால்தான் அடுப்பெரியும். ஆகவே ஷாமிளா பிள்ளைத்தாய்ச்சியான நாளிலிருந்து கிளினிக்குக்குக் கூட்டிப் போவது அனுஷியாவின் பொறுப்பானது. இருபத்திரண்டு வயதுப் பெண். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவாள்.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு எட்டாவது மாதம். அனுஷியா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவள். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அன்று அரைநாள் லீவு. ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பொறுப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு பத்துக்கு ஒரு பஸ். அதை விட்டால் மூன்று மணிக்குத்தான்.

கிளினிக்கில் அவர்களுடைய நம்பர் வரும்போது பதினொன்று ஐம்பது. மிஸ் ஷாமிளாவைப் படுக்கவைத்து வயிற்றை அளந்தார், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார், நல்லது என்றார். பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "பிள்ளையின் அசைவு எப்படி, கேளுங்கள் நங்கி" என்றார்.

அனுஷியா கேட்டாள். ஷாமிளா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வயிற்றின் ஒரு பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, நேத்து மத்தியானத்துலருந்து ஒரு மாதிரியா இருக்கு. முந்தியெல்லாம் கஞ்சி குடிச்சா ஒதைக்கும். அவரு போன்ல பேசுனா புரண்டு புரண்டு படுக்கும். இப்ப கோவிச்சுக்கிட்ட மாதிரி ஒரு பக்கமா ஒதுங்கிப் படுத்திருக்கு. தட்டிக் கூப்புட்டாத்தான் லேசா ஒரு அசைவு. அத்தைகிட்ட சொன்னேன், எட்டு மாசத்துல புள்ளைக்கு எடம் பத்தாது, அப்படித்தான் இருக்கும்ங்கிறாங்க. எனக்கு என்னமோ மனசு ஒப்பலக்கா. என்மேல என்ன கோவமோ தெரியல…"

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். அனுஷியாவும் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டு. வெளியே வாங்குகளில் இன்னும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை கோபித்துக்கொண்டதாம்! இதைப் போய் மிஸ்ஸிடம் எப்படிச் சொல்வது? துடிப்பைத்தான் கேட்டாகிவிட்டதே. முதல் பிள்ளை, பயம், வேறொன்றுமில்லை. அனுஷியா இவ்வளவையும் ஒரு நொடியில் தனக்குள் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டாள்.

"அசைவு இருக்கிறது மிஸ். முதல் பிள்ளை, அதனால் கொஞ்சம் பயப்படுகிறாள்" என்றாள் சிங்களத்தில்.

மிஸ் சிரித்துக்கொண்டே ஷாமிளாவின் தோளைத் தட்டினார். புத்தகத்தில் எழுதினார். பன்னிரண்டு பத்து பஸ் அவர்களுக்குக் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. "மிஸ் என்னாக்கா சொன்னாங்க?" என்று ஷாமிளா கேட்டாள். "ஒண்ணும் பயப்பட வேணாம்னு சொன்னாங்க" என்றாள் அனுஷியா.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த லேசான அசைவும் நின்றுபோனது. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஸ்கேன் பார்த்த டொக்டர் திரையைப் பார்த்தபடி அனுஷியாவிடம் சிங்களத்தில் மூன்று சொல் சொன்னார். இதயம் துடிக்கவில்லை. அதில் சுருக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதை அப்படியே தமிழில் ஷாமிளாவின் காதில் சொல்லவேண்டியவள் அவள்தான். சொன்னாள். மறுநாள் பெண் குழந்தை பிறந்தது, உயிரில்லாமல். விதுர்ஷன் வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்து, தேயிலை மலைக்கு மேலே சவக்காலையில் புதைத்தான்.

அனுஷியாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கோபித்துக்கொண்ட மாதிரி ஒதுங்கிப் படுத்திருக்கு. அந்த வார்த்தை அவளை விடவே இல்லை. பிள்ளைக்காம்பராவில் ஏதாவது ஒரு குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கினால் போதும், ஓடிப்போய் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள்.

செய்த தப்பை வாயால் சொல்லத் துணிவில்லாதவர்கள் கையால் எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். அனுஷியாவும் அதைத்தான் செய்தாள். ஷாமிளாவின் துணியைத் துவைத்தாள். பீலித் தண்ணீர் பிடித்து வைத்தாள். மிளகுக் குழம்பு வைத்துக் கொண்டுபோய் ஊட்டிவிட்டாள். லயமே மெச்சியது. "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா" என்று கருப்பாயி அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒவ்வொரு மெச்சலும் அனுஷியாவின் நெஞ்சில் முள்ளாக ஏறியது.

நாலாம் நாள் ஷாமிளாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சலும் வலியுமாகத் துடித்தாள். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்று கருப்பாயி அம்மா சொன்னார். அனுஷியா கோயிலடியில் போய் மடி நிறையப் பூப் பறித்து வந்து, தன் கையாலேயே மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"அக்கா, புள்ள இல்லேன்னு பாலுக்குத் தெரியலியேக்கா" என்றாள் ஷாமிளா.

அனுஷியா முடிச்சைப் போடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது.

"அந்த மிஸ்ஸுகிட்ட அம்புட்டும் சொன்னோம்ல?" ஷாமிளா சுவரைப் பார்த்தபடி பேசினாள். "ஒங்களுக்குத்தான் தெரியும் நான் எம்புட்டுச் சொன்னேன்னு. காதுலயே வாங்கல. சிரிச்சு அனுப்பிட்டா. நல்லாருப்பாளா அவ? நீங்க மட்டும் கூட இல்லாட்டி நான் பைத்தியமாப் போயிருப்பேன்க்கா."

அனுஷியா துணியின் ஓரத்தைச் செருகினாள். "தூங்கும்மா" என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்து, மழைத் தண்ணீர் ஓடும் கானோரத்தில் நின்றாள். கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொள்வது எளிது, அதற்குக் கேட்கிற ஆள் வேண்டியதில்லை.

இப்போது லயம் முழுக்க மிட்வைப் மிஸ்ஸைச் சபித்தது. மலையில் கொழுந்து பறிக்கும்போதும் அதே பேச்சு. நம் ஆட்கள் என்றால் அவர்களுக்கு இளக்காரம் என்றார்கள். அது பல இடங்களில் உண்மையாக இருக்கலாம். இந்த இடத்தில் இளக்காரம் யாருக்கு இருந்தது என்பது அனுஷியாவுக்கு மட்டுமே தெரியும்.

ஐந்து வாரம் கழித்துச் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இறந்து பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு விசாரணை வைப்பது அவர்களுடைய வழக்கம். ஷாமிளாவை வரச்சொன்ன நாளை வாசித்துச் சொல்லிவிட்டு அனுஷியா கடிதத்தை மடித்தாள்.

"எனக்கு அன்னைக்கு லீவு கெடைக்குமோ தெரியலம்மா. விதுர்ஷன் தம்பிக்கும் சிங்களம் நல்லா வருமே" என்று நழுவப் பார்த்தாள்.

"அவருக்கு என்ன தெரியும்? அவரு அன்னைக்குக் குழியில இருந்தாரு. என் மனசு தெரிஞ்சவங்க நீங்கதானே? எனக்கு நியாயம் வேணும்க்கா. அந்த மிஸ் மொகத்தப் பாத்துக் கேக்கணும். நீங்கதான் வரணும்" என்றாள் ஷாமிளா.

போனாள். போகாமல் என்ன செய்வது? பஸ்ஸில் ஷாமிளா அவளுடைய கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது.

சுகாதார அலுவலக அறையில் ஒரு பெரிய மேசை. அந்தப் பக்கம் அதிகாரியான, கண்ணாடி போட்ட டொக்டரம்மா. ஓரத்தில் மிட்வைப் மிஸ் உட்கார்ந்திருந்தார். ஐந்து வாரத்தில் மெலிந்திருந்தார். அனுஷியாவைக் கண்டதும், தெரிந்த முகம் ஒன்று வந்த ஆறுதலில் தலையை அசைத்தார். அந்தத் தலையசைப்பு அவளை இன்னும் குத்தியது.

டொக்டரம்மா கிளினிக் புத்தகத்தைப் புரட்டினார். "பதினெட்டு வருட சேவை. இவரைப் பற்றி இதுவரை ஒரு முறைப்பாடும் இல்லை" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "புதன்கிழமை, அசைவு உண்டு என்று தாய் சொன்னதாக இங்கே எழுதியிருக்கிறது. இது சரியா? தாயிடம் கேளுங்கள்."

அனுஷியா கேட்டாள். ஷாமிளா நிமிர்ந்து மிஸ்ஸை நேராகப் பார்த்தாள்.

"பொய்! நான் அன்னைக்கே சொன்னேன். அசைவு கொறஞ்சிருச்சுன்னு சொன்னேன். இந்த மிஸ்ஸு கேக்கல. வேணும்னே தப்பா எழுதியிருக்காங்க. சொல்லுங்கக்கா. அப்படியே சொல்லுங்க."

அறையில் மூன்று பேரும் அனுஷியாவையே பார்த்தார்கள். அவளுடைய தலைக்குள் வழக்கமான கத்திரிக்கோல் ஒருமுறை திறந்து மூடியது. தாய்க்குச் சரியாக நினைவில்லை என்று சொல்லலாம். இரண்டே வார்த்தை. யாருக்கும் தெரியப்போவதில்லை. இல்லை, ஷாமிளா சொன்னதை அப்படியே சொன்னால்? ஒரு பாவமும் அறியாத மனுஷியின் பதினெட்டு வருடம் போய்விடும். எப்படி வெட்டினாலும் இன்னொருத்தியின் கழுத்தில்தான் விழுந்தது.

"அவள் அன்றைக்கே சொன்னாள், டொக்டர்" என்றாள் சிங்களத்தில். மிஸ்ஸின் முகம் வெளிறியது. "அசைவு குறைந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள். நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொன்னேன். மிஸ் நான் சொன்னதைத்தான் எழுதினார். தவறு என்னுடையது."

மிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"குறைந்தது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போம்" என்றார் மெதுவாக. "பிழைத்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்." பிறகு, "இப்போது நீங்கள் சொன்னது இந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அப்படியென்றால் சொல்லுங்கள். நான் சொன்னதையும் சேர்த்து."

ஷாமிளா அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "என்னாக்கா சொல்றாங்க? ஏன்க்கா அழுவுறீங்க? மிஸ் ஒத்துக்கிட்டாங்களா?"

அனுஷியா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மிஸ்மேல தப்பில்ல ஷாமிளா. நீ அன்னைக்குச் சொன்னத நான் அவங்ககிட்ட சொல்லல. அசைவு இருக்குன்னு சொல்லிட்டேன். ஒனக்குப் பயம், அவ்வளவுதான்னு நானே நெனச்சுக்கிட்டேன். சொல்லியிருந்தா அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்களாம். ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்னு டொக்டர் சொல்றாங்க. நாந்தான் காரணம்."

ஷாமிளாவின் கை முந்தானையிலேயே இருந்தது. காதில் விழுந்தது உள்ளே இறங்கச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

"பஸ்ஸுக்கா?" என்று கேட்டாள். "பன்னெண்டு பத்து பஸ்ஸுக்கா அக்கா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதுவும் பாதி உண்மைதான்.

"பஸ்ஸுக்கும்தான். அதவிட, மிஸ் முன்னால அப்படியெல்லாம் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. தோட்டத்துச் சனம் இப்படித்தான் பேசும்னு நெனச்சிருவாங்களேன்னு."

ஷாமிளா கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் அனுஷியாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் டொக்டரம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே பேசத் தொடங்கினாள்.

"இந்தக் கையால எனக்குப் பூ வச்சுக் கட்டுனாங்க. சோறு ஊட்டுனாங்க. நானும் ஊட்டிக்கிட்டேன். தெரிஞ்சிருந்தா மூஞ்சியில துப்பியிருப்பேன். சொல்லுங்க, இதையும் சொல்லுங்க."

அனுஷியா சொன்னாள். துப்பியிருப்பேன் என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்லோ அதையே சொன்னாள்.

"நான் அன்னைக்குச் சொன்னதையாவது இப்ப முழுசாச் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. அசைவு கொறஞ்சிருச்சுன்னு…"

"நான் அப்படியா சொன்னேன்?" ஷாமிளாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "கொறஞ்சிருச்சுன்னு அவ்வளவுதான் சொன்னேனா? கோவிச்சுக்கிட்ட மாதிரி ஒதுங்கிப் படுத்திருக்குன்னு சொன்னேனே, அதச் சொன்னீங்களா? என்மேல என்ன கோவமோன்னு சொன்னேனே, அது எங்க?"

அனுஷியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தப்பை ஒப்புக்கொள்ளும்போதுகூட அவள் சுருக்கித்தான் சொல்லியிருந்தாள். அந்தத் தாயின் மனசில் இருந்ததை இப்போதும் வெட்டி எறிந்துவிட்டு, அலுவலகத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து நீட்டியிருந்தாள்.

அவள் டொக்டரம்மாவிடம் திரும்பினாள். முதலிலிருந்து சொன்னாள். கஞ்சி குடித்தால் உதைத்ததை, தகப்பன் போனில் பேசினால் புரண்டு படுத்ததை, செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து கோபித்துக்கொண்டது போல ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருந்ததை, தட்டிக் கூப்பிட்டால் லேசாக அசைந்ததை, என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை என்று தாய் சொன்னதை. சில இடங்களில் சரியான சிங்களச் சொல் கிடைக்காமல் நின்றாள். அப்போதெல்லாம் தேடி எடுத்துச் சொன்னாள். மிஸ் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். டொக்டரம்மாவின் பேனா நின்றிருந்தது.

சொல்லி முடித்தபோது கீழே ரோட்டில் ஹோர்ன் சத்தம் கேட்டது. பன்னிரண்டு பத்து பஸ். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இருக்கு" என்றாள் ஷாமிளா, அவளைப் பார்க்காமல். "ஒங்களுக்காகச் சொல்லல. அவங்களுக்குச் சொல்லணும்."

அனுஷியா முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.

"சொல்லும்மா" என்றாள். "நான் எதையும் விடமாட்டேன்."